முதல் 'அருமை'

பிச்சாட்டூர் ஏரிமேல் பனி இன்னும் விலகவில்லை. இரண்டு வருடமாக வாட்ஸாப் பறவைப்படக் குழுவில் பெயராக மட்டுமே தெரிந்தவர்கள் இன்று முதன்முறையாக ஆளாக வந்து நிற்கிறார்கள். நிற்பதெல்லாம் கேசியாவைச் சுற்றித்தான். "அந்த மீன்கொத்திய எடுத்தது நீதானா? சால பாகுந்தம்மா, ரொம்ப நல்லாருக்கு!" என்று கைகூப்பாத குறையாகச் சொல்கிறார் திருப்பதி சக்ரபாணி. அந்த மீன்கொத்திப் படத்துக்குக் குழுவில் முதல் 'அருமை' போட்டது ஆசிர். எப்போதுமே அவர்தான் முதலில் போடுவார். போட்ட அன்றைக்குப் பொறாமையில் சோறு இறங்காது. அவரிடம் ஒருவர், "சார், நீங்க எந்த ஊரு?" என்கிறார். தண்ணீரில் நாரைகள் ஒற்றைக்காலில் தூங்குகின்றன. கேசியா சேற்றில் மண்டியிட்டு, மூச்சடக்கி, காமிராவில் கண் வைக்கிறாள். ஆசிரின் முழங்கால் தன் காமிரா ஸ்டாண்டை மெல்ல, மிக மெல்ல, இடிக்கிறது. அது பாறையில் விழுந்து கணீரென்கிறது. நாரைகள் மொத்தமாக எழும்புகின்றன. மரங்களுக்கு மேல் ஏறிய வெயில் அந்த நொடி பார்த்தா வரவேண்டும்; இறக்கைக்கு இறக்கை ரோஜா நிறம். அவள் காமிரா படபடவென்று அடித்துத் தீர்க்கிறது. "பாருண்ணா," என்று அவரிடம்தான் முதலில் ஓடிவருகிறாள், "உன் ஸ்டாண்டு உழலன்னா இன்னும் பாத்துக்கினே இருந்திருப்பேன்." காமிராத் திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக் குழுவில் ஏற்றிவிடுகிறாள். கீழே, 'ஆசிர் அண்ணனுக்கு நன்றி'. அவரவர் கைப்பேசி அவரவர் கையில் துடிக்கிறது. ஆனால் யாரும் முந்திக்கொண்டு 'அருமை' போடவில்லை. சிரித்த முகத்தோடு எல்லோரும் ஆசிரின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.