தலைப்பிரசவ டிக்கெட்

ஜெசிந்தா கணவனின் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கினாள். மகள் பிளெஸ்ஸி குன்னூரிலிருந்து தூத்துக்குடி வருவதற்கான டிக்கெட்டை ரத்து செய்யவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.

“தலைப்பிரசவம் தாய்வீட்லதான் பாக்கணும். உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?”

லூர்து போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். வெப்பக் கணிப்பு நிலையத்தில் கோடை வெயிலை முன்கூட்டிக் கணிக்கும் கணினி மாடலை ஓட்டுகிறவர் அவர். நேற்றுகூட டிவியில் தோன்றி, இன்னும் பத்துக் கோடைக்குக் கவலையில்லை, யாரும் ஊரைக் காலி செய்ய வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்.

“ஊருக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சா? மக வந்தா உங்களுக்கு என்ன இடைஞ்சல்? வேற எவளும் வாராளா இங்க?”

லூர்து எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அவளுக்குச் சந்தேகம் இரட்டிப்பாகியது.

“மெதுவாப் பேசு. பசிபிக் கடல் குளிர்ந்து கிடந்த வருஷங்களை வச்சுத்தான் மாடலைப் பழக்கினோம். கடல் எப்பவும் அப்படியே கிடக்கும்னு அது நம்பிட்டு.”

“அதுக்கும் என் மகளுக்கும் என்ன?”

“கடல் போன மாசமே சூடாக ஆரம்பிச்சிட்டு, ஜெசி. அது சூடானா இங்க வெயில் கொளுத்தும். இந்தக் கோடையை இங்க பச்சப்பிள்ளை தாங்காது.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நேத்து டிவிக்குப் போகும்போதே எனக்குத் தெரியும்.”