தோலுறைக்குள் சவரக்கத்தி

மழைக்காலம் முடியும்வரை சலூனைப் பூட்டிவிட்டு முதலாளி ஊருக்குப் போய்விட்டார். இழுப்பறைக்குள் கிடந்த சவரக்கத்திக்குத் துருவை நினைத்தாலே குலை நடுங்கியது.

"அண்ணே, காத்துகூடப் படாம என்னை மூடிக்கோங்க" என்று தோலுறையிடம் கெஞ்சியது.

"நான் இருக்கேன்ல" என்று உறை அதைப் பொத்திக்கொண்டது.

பக்கத்திலிருந்த எண்ணெய்க் குப்பிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, தோலு ஈரத்தை இழுத்து வச்சுக்கும்பா. வெளியே வந்து கொஞ்சம் எண்ணெய் பூசிக்கோ."

"உன் பிசுக்கு யாருக்கு வேணும்? என் பளபளப்பே போயிடும்!"

மழை வலுத்தது. ஒருநாள் கத்தியின் விளிம்பில் ஏதோ நமநமவென்று அரித்தது.

"அண்ணே, துரு வாசல்வரைக்கும் வந்துடுச்சு போல. இன்னும் இறுக்கிப் பிடிங்க!" என்று அலறியது.

ஈரத்தில் ஊறிப்போயிருந்த உறை, பாசத்தோடு இன்னும் இறுக்கிக்கொண்டது.