இருபத்து நான்கு வாடிக்கையாளர்கள்

ஹல்லா போனில் ஆப் இல்லை என்று யாரும் அதை வாங்கவில்லை; வாங்க ஆளில்லை என்று யாரும் ஆப் செய்யவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் விற்பனை அதிகாரி தௌனோவுக்கு வேலை போய்விடும்.

பின்லாந்தின் எஸ்போ நகரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். பொதுச் சௌனாவில் நீராவிக் குளியலுக்கு முறை எழுதும் பட்டியலை, கட்டியிருந்த பேனாவோடு ஆணியிலிருந்து கழற்றினார்.

"இனிமே முறை பதியறது, ஹல்லா போன்ல புதுசா வந்திருக்கற சௌனா ஆப்ல மட்டும்தான்!"

"சனிக்கிழமை சௌனாவுலயே கை வைக்கறியா? உருப்படுவியா நீ?" என்றாள் மூன்றாம் மாடி இர்மெலி.

"அதுக்கு ஒரு போன் வாங்கிக்க, இர்மெலி!"

ஒரே வாரத்தில் இருபத்து நான்கு வீடுகளும் ஆப்பில் பதிந்துவிட்டன. ஆப் கணக்கைப் பார்த்த கம்பெனி மேலாளர் பூரித்துப்போனார். "இருபத்து நாலு பேரா! எப்படிய்யா மடக்கின?"

சனிக்கிழமை தௌனோ தோளில் துண்டோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கீழே இறங்கினார். சௌனா வாசலில் எல்லோரும் முறை பதிய வரிசையில் நின்றார்கள். பழைய ஆணியில், கயிற்றில் ஒரே ஒரு ஹல்லா போன் தொங்கியது.

"எல்லாரும் சேந்து ஒண்ணு வாங்கினோம்," என்றாள் இர்மெலி. "நல்ல போன்தான், தௌனோ. பேனாவைத்தான் வாராவாரம் எவனாவது சுட்டுட்டுப் போவான். இதை ஒருத்தனும் தொடல."