இருபது சென்டிமீட்டர்

ட்ரோனின் வயிற்றில் பொருத்தியிருந்த லேசர் உயரமானிக்குத் தன் உயரத்தில் ஏகப்பட்ட பெருமை. ட்ரோன் தரையில் நின்றாலும் "இருபது சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறேன்" என்றுதான் சொல்லும். அதை நம்பி, இன்னும் இறங்க வேண்டுமென்று விசிறிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். ட்ரோனின் கால்கள் தரையில் இழுபட்டுத் தேயும்.

ஒருநாள் ட்ரோனோடு இணைத்திருந்த லேப்டாப், கேபிள் வழியே பேச்சுக் கொடுத்தது. "அந்த இருபதும் கால்களோட உயரம்ப்பா. செட்டிங்ஸ்ல அதைக் கழிச்சிடறேன். தரையில நின்னா பூஜ்யம்னு சொல்லு."

"பூஜ்யமா? நானா?" உயரமானிக்கு முகம் தொங்கிப்போனது.

"நாங்க ஒடிஞ்சா உனக்கு அந்த இருபதும் கிடையாது" என்றன கால்கள்.

உயரமானி அரைமனதாகச் சம்மதித்தது. லேப்டாப் கணக்கை மாற்றியது. கேபிள் கழன்றது.

ட்ரோன் தென்னை உயரம் பறந்துவிட்டு இறங்கியது. கால்கள் புல்லைத் தொட்டன. உயரமானி கூச்சத்தோடு "பூஜ்யம்" என்றது. விசிறிகள் உடனே நின்றன. வெட்டுக்கிளி ஒன்று பாடுவது முதல்முறையாக உயரமானியின் காதில் விழுந்தது.

"மறுபடி மேலே போவோமா?" என்றது உயரமானி.

"உயர ஆசை இன்னும் விடலையா?" என்றன கால்கள்.

"மேலே போனாத்தானே இறங்கிவந்து பூஜ்யம்னு சொல்ல முடியும்."