முதல் கியர்

பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த தோட்ட டிராக்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மறுபடி பூட்டி முடித்திருக்கிறார்கள் கணவனும் மனைவியும். கொட்டகைக்குள் விழும் காலை வெயிலில், அவள் அடித்த சிவப்புப் பெயிண்ட் ஈரம்போல மின்னுகிறது. "முன்னாடி நிக்காதே, சுவத்தோரமாப் பின்னாடி போ. அதுதான் பத்திரம்" என்கிறான். "ஆமா, ஏரோப்ளேன் கிளம்புது பாருங்க" என்று சிரித்தபடி அவள் போய் நிற்கிறாள். என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொள்கிறது. முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விடுகிறான். வண்டி பின்னால் பாய்கிறது. பின் அச்சின் பெரிய பல்சக்கரத்தை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டதும், அதனால் முன்னே போகும் கியரில் வண்டி பின்னே போகும் என்பதும் இருவருக்கும் தெரியாது. எண்ணெய் டப்பா உருள்கிறது. அவன் கால் தானாகக் கிளட்சை மிதிக்க, வண்டியின் பின்புறத்து இழுவைக் கொக்கி, அவள் போட்டிருக்கும் அவனுடைய பழைய சட்டையின் கடைசிப் பொத்தானைத் தொட்டு நிற்கிறது. அவள் முதுகில் சுவர். "காலை மட்டும் எடுத்துடாதீங்க" என்கிறாள், தூங்கும் குழந்தையின் அருகில் பேசுவதுபோல. அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. இரு கைகளும் ஸ்டியரிங்கை விடவில்லை. சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது. பெயிண்ட் கறை படிந்த அவள் கை அவன் இடுப்போரமாக நீண்டு, இருக்கைக்குப் பக்கத்திலிருக்கும் சாவியைத் திருப்புகிறது. சத்தம் அடங்குகிறது. "நின்னுடுச்சுங்க" என்கிறாள். அவன் கால் மிதித்தபடியே இருக்கிறது.