வெள்ளிக்கால்

டொக்டர் சொன்னதை அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். முழங்கால் பொருந்திவிடும், கோடைக்குள் தடி இல்லாமல் நடக்கலாம், ஆனால் றக்பி இனி இல்லை.

அம்மா என் கையைப் பிடித்தார்.

"இனி ஒருநாளும் ஏலாதோ எண்டு வடிவாக் கேள், பிள்ளை."

கேட்டேன். ஒருநாளும் இல்லை என்றார் டொக்டர். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்தேன்.

கட்டிலில் என் தம்பி றொஜன் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். லண்டனில் பெரிய கிளப் ஒன்றின் கப்டன். எங்கள் மிச்சம் பகுதிப் பூங்காவின் சேற்றில் புரண்டு, சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்து என்னிடம் பேச்சு வாங்கிய பெடியன்தான். இப்போது அவன் கையை உயர்த்தினால் பதினான்கு வெள்ளைக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

ஜனவரிக் கடைசியில்தான் இங்கிலாந்து அணிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. நாங்கள் கேக் வாங்கினோம். அதை வெட்டி முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்தது. கிளப்புக்காக ஆடிய ஆட்டத்தில் மூன்று பேர் அவன் வலது முழங்காலின் மேல் விழுந்தார்கள். அந்தச் சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குத் திரண்டு வந்தார்கள். செபமாலைமுத்து அங்கிள் திராட்சைப் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விட்டது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

அம்மா மட்டும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

அங்கிளுக்கு எதுவும் தெரியாது. றொஜனின் தலையைப் பற்றி எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். போன நவம்பரில் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு வீட்டுக்கு வந்தவன், சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கும் ஒரு தட்டு வைத்தான். அப்பா ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லையா என்று கேட்டான்.

அப்பாவை அடக்கம் செய்து நான்கு வருடம்.

அம்மா அந்தத் தட்டிலும் சோறு போட்டார்.

காலையில் அவனுக்கு அது எதுவுமே நினைவில் இல்லை. அடுத்த சனிக்கிழமை கிளப் அவனை மறுபடி இறக்கியது. இந்த விளையாட்டை விடு என்று அம்மா அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கப்டன் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது என்று அவன் சிரித்தான். அவர் தோளில் கைபோட்டு, பயப்படாதேங்கோ என்று செல்லம் கொஞ்சினான்.

அதன்பிறகு அம்மா அவனிடம் கேட்கவில்லை. மடு மாதா படத்தின் முன்னால் முழந்தாளில் நிற்கும் நேரம்தான் கூடியது.

டொக்டர் வெளியே போனதும் அம்மா கைப்பையைத் திறந்தார். லேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து, றொஜனின் முழங்கால் கட்டின் மேல் வைத்தார்.

விரல் நீளத்தில் ஒரு வெள்ளிக்கால். ரூட்டிங்கில் நகைக்கடை வைத்திருக்கும் தியாகராஜா அண்ணையின் கைவேலை.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. கண்ணுக்காக நேர்ந்தால் வெள்ளிக்கண், காலுக்காக நேர்ந்தால் வெள்ளிக்கால். கேட்டது கிடைத்ததும் கொண்டுபோய் மாதாவின் காலடியில் வைக்க வேண்டும்.

அடிபட்ட நேரத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், அதைக் கையில் எடுத்ததும் அழுதான். கட்டில் குலுங்க அழுதான். நடக்கவாவது முடியுமே, அது அம்மாவின் மன்றாட்டால்தான் என்றான். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, இது இடக்கால். எனக்கு உடைஞ்சது வலக்கால்."

"மாதாவுக்குத் தெரியும், ராசா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளில் முதல் சிரிப்பு. அவசரத்தில் செய்திருப்பார், அந்த மனிதருக்கு இடம் வலம் தெரியாது என்று தியாகராஜா அண்ணையைக் கேலி செய்தான். வெள்ளிக்காலை முத்தமிட்டு அம்மாவிடம் கொடுத்தான். அம்மாவின் கையையும் முத்தமிட்டான்.

அம்மா என்னைப் பார்த்தார்.

திராட்சைப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

தியாகராஜா அண்ணை பாவம். எந்தக் கால் என்று அவர் கேட்டவர்தான்.

அது போன கிறிஸ்மஸுக்கு ஒரு கிழமை முந்தி. அம்மாவின் இரண்டு கையிலும் பயற்றம் மா. அவருடைய நோக்கியாவை நான்தான் காதோடு பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கால் செய்யச் சொன்னீர்களே, வலக்காலா இடக்காலா என்று தியாகராஜா அண்ணை கேட்டது எனக்கும் கேட்டது. கோயிலில் யாருக்கோ கால் சுகமில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னறையில் றொஜன் இரண்டு காலையும் மேசை மேல் நீட்டிப் போட்டுக்கொண்டு ரீவி பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கதவோரம் எட்டி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, போனில் சொன்னார்.

"எதெண்டாலும் பரவாயில்லை, தம்பி. ஒண்டு போதும்."