கியர் வண்டிதான் வேணும்

“ஐயோ, முட்டி!”

அலறியது மனைவி. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இரண்டாம் நம்பர் பட்டனை அழுத்தியதுதான் தாமதம், சீட்டு கடகடவென்று முன்னால் நகர்ந்து அவள் முழங்காலை ஸ்டியரிங்குக்கு அடியில் கொண்டுபோய் இடித்தது. கணவனுக்குச் சமமான உயரம் அவள். காலை எங்கே மடக்குவாள்?

ஒன்றாம் நம்பர் பட்டன் அவனுடைய அளவு, இரண்டாம் நம்பர் அவளுடையது. அழுத்தினால் சீட்டு அவரவர் உயரத்துக்குத் தானாக நகர்ந்துகொள்ளும். வண்டி வாங்கிய அன்றே பதிந்து வைத்தார்கள். ஆனால் அவள் இந்த ஆட்டோமேட்டிக் வண்டியைத் தொட்டே மாதக்கணக்காகிறது.

“சர்வீஸுக்கு விட்ட இடத்துல எவனோ கைய வெச்சிருக்கான். அறிவுகெட்டவனுங்க!” என்று கத்தினான் கணவன். “இறங்கு, நானே ஓட்டறேன்.”

அவள் இறங்கி அடுத்த சீட்டில் போய் உட்கார்ந்தாள். வழி முழுக்க முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பிறந்தநாள் அதுவுமாக முட்டியில் அடிபட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஷோரூமில் இரண்டு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒன்று கிளட்ச் மிதித்துக் கியர் போட வேண்டியது, மற்றது ஆட்டோமேட்டிக்.

“ஆட்டோமேட்டிக்கே போட்டுடுங்க. வீட்டுக்காரம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசு,” என்றான் கணவன், பெருமையாக.

“நல்ல சாய்ஸ் சார். டிராஃபிக்ல இடது கால் விட்டுப்போகும் பாருங்க, அந்தத் தொல்லையே இல்ல,” என்றான் சேல்ஸ்மேன்.

“எனக்குக் கியர் வண்டிதான் வேணும்,” என்றாள் மனைவி.

சேல்ஸ்மேன் சிரித்தான். “மேடம், நம்ம கையால மாத்துறதைவிட இது வேகமா…”

“உங்களுக்குக் காது கேக்குமா, கேக்காதா? கியர் வண்டின்னு சொன்னேன்.”

பாவம், அவன் என்ன செய்வான்? வாங்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீர் எடுத்துவருகிற சாக்கில் நழுவினான். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்காதே. உன் வசதிக்குத்தானே சொல்றேன்?”

“எனக்குக் கியர்தான் வசதி. நான் டிரைவிங் ஸ்கூல்காரர் பொண்ணு.”

“ஆரம்பிச்சிட்டியா உங்கப்பா புராணத்தை! ஊருக்கெல்லாம் கத்துக்கொடுத்தாரே, பெத்த சின்னப் பொண்ணுக்குக் கத்துக்கொடுக்க முடிஞ்சுதா? முதுகுக்குத் தலகாணி வெச்சும் கிளட்சுக்குக் கால் எட்டாம, சுவத்துல கொண்டுபோய் ஏத்திட்டு ஓன்னு அழுதாளே உன் தங்கச்சி!” என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்காக வாசலில் நிறுத்தியிருந்த கியர் வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். வண்டியில் இரண்டே சீட்டு என்பதால் சேல்ஸ்மேன் வெளியிலேயே நின்றுவிட்டான். கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான்.

சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளிவிட்டுக் கிளம்பினாள். என்னதான் கோபம் இருந்தாலும் கையும் காலும் மறக்கவில்லை. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. பேச்சுதான் கரடுமுரடு.

“மெதுவாப் போயேன்! முட்டி வலிக்குதுன்னா அதை வண்டி மேலயா காட்டுவே?”

“முட்டியப் பத்தி நான் ஏதாவது சொன்னேனா?”

“அப்புறம் எதுக்கு இந்த ஆட்டம்? காலையிலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு! ஆசை ஆசையா வாங்கித் தரேன்னா, அதுலயும் குத்தம் கண்டுபிடிக்கிறியே. உன்னை மாதிரி ஒருத்திய வெச்சுக் காலந்தள்றதுக்கு எனக்குக் கோயில் கட்டணும்!”

அவள் திருப்பத்தில் கியரைக் குறைத்தாள். இவ்வளவு தூரம் ஒரு மனுஷன் இறங்கி வரும்போது, பெண்டாட்டி கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் என்ன? அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. ஷோரூம் வாசலில் வண்டி நின்றதும் அவன் பொறுமை போயே போய்விட்டது.

“கடைசியா சொல்றேன், ஆட்டோமேட்டிக்தான். இல்லேன்னா வண்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!”

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு அவள் நிதானமாகத் திரும்பினாள். “உங்களுக்குக் கியர் ஓட்ட வரும்தானே?”

“வரும். அதுக்கென்ன?”

“எனக்கும் வரும். வண்டியிலயும் ரெண்டே சீட்டு. அப்புறம் ஆட்டோமேட்டிக் மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?”

“எனக்கா பிடிவாதம்? உனக்குத்தான் பிடிவாதம்! கியர் வண்டிதான் வேணும்கிறதுக்கு ஒரே ஒரு காரணம் சொல்லு பாப்போம். ஒண்ணே ஒண்ணு!”

சாவியை உருவித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். குரல் உயரவே இல்லை.

“ரெண்டாம் நம்பர் பட்டன்ல இப்ப இருக்கிறது என் தங்கச்சியோட அளவு. அவளுக்குக் கியர் வண்டி ஓட்ட வராது.”